மூன்று வீட்டு விதைகள்

ரப்பர் விலை விழுந்த வருஷம் எங்கள் லயத்தில் மூன்று வீடுகள் ஒரே வாரத்தில் காலியாயின. மலாயாவில், சிகாமட்டிலிருந்து மாட்டு வண்டியில் போனால் அரை நாள் பிடிக்கும் தோட்டம் அது. ஒரே கூரையின் கீழ் பத்து வீடுகள். நடுவில் பலகைச் சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். பால் வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை பார்த்தார். நான்கு வயதில் எங்களுக்கு ஒரு மகள்.

காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்க வரிசையாக நிற்போம் இல்லையா, அப்படி நிற்கும்போதுதான் கங்காணி ஒரு காகிதத்தைப் பார்த்துப் பெயர்களை வாசித்தார். இவர்களுக்கெல்லாம் இனி வேலை இல்லை, கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பப் போகிறார்கள் என்றார். யாரும் அழவில்லை, சண்டை போடவில்லை. பெயர் வராதவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். புகைக் கொட்டகைக்கு ஓர் ஆள் வேண்டும் என்பதால் எங்கள் பெயர் வரவில்லை. அதில் எங்கள் சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

பக்கத்து வீட்டு அக்கா அன்று சாயங்காலமே ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். புருஷனும் பத்து வயது மகளும் அவளுக்கு. டின்னைத் திறந்து காட்டினாள். அடுப்புச் சாம்பலில் புரட்டிய புடலை விதை ஒரு துணி முடிச்சில், வெண்டை விதை இன்னொரு முடிச்சில்.

"இதை நீ வெச்சிரு புள்ள. நான் வந்து வாங்கிக்கிறேன்."

"எடுத்துட்டுப் போங்களேன்க்கா. ஊர்ல போட்டா காய்க்குமே."

"ஊர்ல இதெல்லாம் எல்லார் வீட்டுலயும் கெடக்கும். இங்கதான் கெடைக்காது. ஆறு மாசத்துல வெல ஏறிடும்னு கிராணி சொன்னாராம். திரும்பக் கூப்புடுவாங்க. வந்து எறங்குன மறுநாளே நான் விதை போடணும், அதுக்குத்தான்."

தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி அப்படிச் சொன்னாரோ இல்லையோ, அவள் நம்பினாள். நானும் நம்பினேன் என்றுதான் நினைக்கிறேன். அவளுடைய புடலங்காய் ஆள் உயரம் தொங்கும். நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவாள். நேராக, வெள்ளைக் கோடு ஓடி, கண்ணைப் பறிக்கும். அந்த விதையை யாருக்கும் அவள் கொடுத்ததே இல்லை.

மறுநாள் கடைசி வீட்டுப் பெண் வந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி மருந்து வந்த சின்னக் கண்ணாடிக் குப்பியில் கத்தரி விதை போட்டுத் தக்கையால் அடைத்திருந்தாள். "அக்கா, இதையும்" என்றாள். குப்பியை என் கையில் திணித்தாள். பேசினால் அழுதுவிடுவாள் போல இருந்தது.

மூன்றாவது ஆள் மாட்டுக்கார மாமா. பெண்டாட்டி செத்துப்போய்த் தனியாக இருந்தவர். இரண்டு பசு வைத்திருந்தார். அவர் பூசணி விதைகளைச் சாணியில் பதித்து, வட்ட வட்டமாக அடுப்படிச் சுவரில் அப்பிக் காயவைத்திருந்தார்.

"பேத்து எடுத்தா ஒடைஞ்சிரும் தாயி. அது பாட்டுக்குச் செவுத்துலயே இருக்கட்டும். நீ அப்பப்போ வந்து ஒரு பார்வ பாத்துக்க. போதும்" என்றார்.

ஒரு பார்வை பார்த்துக்கொள்வது என்ன பெரிய வேலை என்றுதான் நானும் நினைத்தேன். டின்னையும் குப்பியையும் அடுப்புக்கு மேலே பரணில் வைத்தேன். மூன்று வீட்டாரும் ஒரே லாரியில் ஏறிப் போனார்கள். அக்கா கையசைத்தாள். கடைசி வீட்டுப் பெண் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறு மாதம் போனது. விலை ஏறவில்லை. எங்களுக்கும் வாரத்தில் நான்கு நாள் வேலை என்று குறைத்தார்கள். ஆற்றோரத் தாழ்வு நிலத்தில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்து, காய்கறி போட்டுச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று துரை உத்தரவு போட்டார். என்னிடம் இருந்த கீரை விதையையும் காராமணியையும் அதில் போட்டேன். மற்றவர்கள் விதையைத் தொடவில்லை. அடுத்தவர் பொருள், கேட்டுத்தானே தொட வேண்டும்? கேட்க ஆள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

வருஷக் கடைசி மழை தொடங்கியது. ஜொகூர் மழையைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். உப்பு கரைந்து ஓடும். தோல் செருப்பில் பச்சைப் பூஞ்சை பிடிக்கும். உடுத்துகிற துணியே உடம்பில்தான் காய வேண்டும். ஒரு நாள் எதற்கோ பரணில் கையை விட்டபோது பிஸ்கட் டின் சில்லென்று இருந்தது. திறந்தேன். சாம்பல் கட்டிகட்டியாக இறுகியிருந்தது. வெண்டை விதை முடிச்சை அவிழ்த்தால் ஒருவிதப் பூஞ்சை வாடை. விதைகளின் மேல் வெள்ளையாக நூல் ஓடியிருந்தது. குப்பியைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர்.

பத்திரமாக மூடி வைத்தேன் என்று இத்தனை நாள் நிம்மதியாக இருந்தேனே! மூடினதுதான் வினையாகியிருக்கிறது. சரியாகக் காயாத விதை. ஈரத்தை உள்ளே வைத்து அடைத்ததை நானும் திறந்து பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் முறத்தில் கொட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் நிழல் காய்ச்சலாக மூன்று நாள் உலர்த்தினேன். உயிர் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒவ்வொன்றிலும் பத்து விதை எண்ணி எடுத்தேன். பழைய வேட்டித் துணியை நனைத்து, தனித்தனியாகச் சுருட்டி, அடுப்புச் சூடு படுகிற இடத்தில் வைத்தேன். துணி காயாமல் தினமும் தண்ணீர் தெளித்தேன். வெண்டை பத்துக்கு இரண்டுதான் முளை விட்டது. மற்றவை அழுகிப் பிசுபிசுத்தன. கத்தரி பத்து நாள் கழித்து ஐந்து முளைத்தது. புடலை மட்டும் ஏழு.

என் வீட்டுக்காரர் துணியை எட்டிப் பார்த்தார்.

"என்னா புள்ள இது, வைத்தியமா?"

"அக்காவோட வெண்ட பாதிக்கு மேல செத்துப்போச்சு. இப்படியே வெச்சிருந்தா அடுத்த மழைக்கு ஒண்ணும் மிஞ்சாதுங்க. போட்டு, காய்க்கவெச்சு, புது விதை எடுக்கணும்."

"யாரு போடறது?"

நான் மண்வெட்டியைத் தேடி எடுத்தேன். அவருக்கும் பதில் தெரியும்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பெரட்டுக்கு எழுந்து, உச்சி வெயில் வரை மரம் வெட்டிப் பால் எடுத்து, வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றிவிட்டு வந்தால் உடம்பு கீழே விழு விழு என்று கெஞ்சும். வந்து சோறாக்க வேண்டும். அதற்குப் பிறகு ஆற்றோரத்துக்குப் போவேன். எங்கள் துண்டுக்கு அடுத்து யாரும் எடுக்காத துண்டு ஒன்று லாலான் புல் மண்டிக் கிடந்தது. கங்காணியிடம் கேட்டுவிட்டு அதைக் கொத்தினேன். லாலான் வேர் மண்ணுக்குள் கயிறு கயிறாக ஓடும். ஒரு துண்டு தங்கினாலும் மறுபடி வந்துவிடும். இரண்டு வாரம் கொத்தினேன். உள்ளங்கையில் பால் வெட்டும் கத்தி பிடித்துக் காய்த்திருந்த இடம் போக, மற்ற இடமும் காய்த்தது.

எல்லா விதையையும் போடவில்லை. பாதியைக் கரியோடு வைத்துக்கொண்டேன். அடுப்புக் கரியைச் சூடாகவே டின்னில் போட்டு, ஆறின பிறகு முடிச்சை அதன் மேல் வைத்தால் ஈரத்தைக் கரி குடித்துவிடும். இதை யாரும் சொல்லித் தரவில்லை. மழைக்காலத்தில் கரி கனத்துப் போவதைப் பார்த்துப் பார்த்து நானாகச் செய்தது. பாதியை நிறுத்தி வைத்தது நல்லதாகப் போயிற்று. முதல் விதைப்பு முழங்கால் உயரம் வந்தபோது ஆறு பெருகித் துண்டு முழுவதும் சேறாகிவிட்டது. மறுபடி கொத்தினேன். மறுபடி போட்டேன்.

மாட்டுக்கார மாமாவின் வீட்டை மட்டும் மறந்துவிட்டேன். வெள்ளம் வடிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் ஆளில்லாத வீட்டுக் கூரை ஒழுகி, சாணி வட்டங்கள் ஊறித் தரையில் விழுந்து கிடந்தன. எலி தின்றது போக, கூட்டிக் கிளறியதில் நான்கு விதை கிடைத்தது. நான்கையும் ஒரு குழியில் போட்டேன். ஒன்றே ஒன்று முளைத்தது. அந்த ஒற்றைக் கொடிதான் ஆற்றோரம் முழுக்கப் படர்ந்து, வருவோர் போவோர் எல்லாம் இலை பறித்தும் தீராமல், பதினொரு காய் காய்த்தது. இருபது நாள் எங்கள் லயத்தில் எந்த வீட்டுச் சட்டியைத் திறந்தாலும் பூசணிக்காய்தான். அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் கிடைத்தது என்றால் அந்த இருபது நாள்தான்.

விதைக்காகப் பயிர் வைப்பதில் ஒரு கொடுமை உண்டு. நன்றாக இருக்கிற முதல் காயைத் தின்னக்கூடாது. அதைத்தான் முற்ற விட வேண்டும். கத்தரி மஞ்சளாகி, தோல் சுருங்குகிற வரைக்கும் செடியிலேயே தொங்க வேண்டும். அந்தச் செடி அதற்கு மேல் அதிகம் காய்க்காது. எங்கள் வீட்டில் அப்போது அரிசி போதவில்லை. மரவள்ளிக் கிழங்கை வேகவைத்துக் காலையும் சாயங்காலமும் தின்றுகொண்டிருந்தோம். ஒரு நாள் நான் ஆற்றோரத்துக்குப் போனபோது மகள் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். விதைக்கு விட்டிருந்த கத்தரிக்காயைப் பறித்து, ஒரு பக்கம் கடித்துவிட்டு, கசப்பில் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள்.

அடித்துவிட்டேன். கன்னத்தில் விரல் பதிகிற மாதிரி.

"பசிக்குதும்மா" என்றாள். அழக்கூட இல்லை, சொன்னாள்.

அன்று என் வீட்டுக்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். "யாரோ வெச்சிட்டுப் போன விதைக்கு நம்ம புள்ளைய அடிக்கிறியா? அவங்க வருவாங்கன்னு உனக்கு யாரு சொன்னா? ஒரு கடுதாசி உண்டா?"

கடுதாசி ஒன்றும் வரவில்லைதான். எனக்கு வாதாடத் தெம்பில்லை. "என்னை நம்பிக் கொடுத்தாங்க" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னப் பேச்சு என்று எனக்கே தெரிந்தது. கடித்த கத்தரிக்காயிலிருந்து விதையைப் பிழிந்து எடுத்துக் கழுவி உலர்த்தினேன். அது பிஞ்சு விதை. முளைக்கவில்லை.

இரண்டாம் வருஷம் ஊரிலிருந்து கங்காணிக்கு வந்த கடுதாசியில் மாட்டுக்கார மாமா தவறிப்போன செய்தி இருந்தது. ஊர் போய்ச் சேர்ந்த ஆறாம் மாதமே காய்ச்சலில் போய்விட்டாராம். நான் அவருடைய விதையைக் குழியில் போட்டபோதே அவர் இல்லை. அதன் பிறகு பூசணி விதையை யார் கேட்டாலும் கொடுத்தேன். அதற்கு இனி சொந்தக்காரர் இல்லை.

கடைசி வீட்டுப் பெண்ணைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவளுடைய கத்தரியை இரண்டு வருஷம் போட்டு விதை எடுத்தேன். மூன்றாம் வருஷம் எனக்கு மலேரியா. எழுந்து உட்கார்ந்ததும் வெட்டுக்குப் போக வேண்டியிருந்தது. ஆற்றோரத்தில் ஒரு பாத்தி குறைந்தால் போதும் என்று இருந்தது. எந்தப் பாத்தியை விடுவது என்று யோசித்து, நாற்று விட்டு, பிடுங்கி நட்டு, பூச்சி பார்க்க வேண்டிய கத்தரியை விட்டேன். உள்ளதைச் சொல்கிறேன், முடியவில்லை. குப்பியில் மிச்சம் இருந்தது. அதற்கடுத்த வருஷம் இருபது விதை எடுத்து ஈரத்துணியில் வைத்தேன். பத்து நாள், பதினைந்து நாள், இருபது நாள் பார்த்தேன். ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. துணியை உதறினேன். குப்பியைக் கழுவி எண்ணெய் ஊற்றி வைத்துக்கொண்டேன்.

இதற்குள் எந்த விதை எவ்வளவு நாள் தாங்கும் என்று எனக்கு ஓரளவு பிடிபட்டிருந்தது. எங்கள் ஈரக் காற்றில் வெண்டை ஒரு மழைக்கு மேல் தாங்காது. கத்தரி நன்றாகக் காய்ந்திருந்தால் இரண்டு மழை. புடலை, பூசணி போன்ற தடித்த தோல் விதைகள் மூன்று, நான்கு மழை பார்க்கும். காராமணியை ஈரம் கொல்வதற்கு முன்னால் வண்டு தின்றுவிடும். பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரப் பெண்கள்கூடச் சில நாள் வந்து, ஈரத்துணியில் வைத்துப் பார்த்துச் சொல்லும்படி விதை கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்கு அதில் பெருமை வந்ததாக நினைவில்லை. இன்னும் ஒரு வேலை என்றுதான் தோன்றியது.

நான்காம் வருஷம் விலை கொஞ்சம் ஏறியது. மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கினார்கள். ஒரு மத்தியானம் வெட்டு முடிந்து வரும்போது, ரயிலில் வந்து இறங்கிய ஆட்களோடு அக்கா வந்திருக்கிறாள் என்றார்கள். வாளியை வீட்டில் போட்டுவிட்டு ஓடினேன். லயத்தின் அந்தக் கோடியில் அவளுக்கு வீடு கொடுத்திருந்தார்கள். வாசலில் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. நெற்றி வெறுமையாக இருந்தது. கழுத்து எலும்பு துருத்தியிருந்தது. மகள் பக்கத்தில் நின்றாள், வளர்ந்திருந்தாள், ஆனால் குச்சியாக.

நாங்கள் கட்டிக்கொண்டு அழுதோம். புருஷன் போன வருஷம் போய்விட்டதைச் சொன்னாள். நான் சோறு கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு பேரும் தலை நிமிராமல் தின்றார்கள்.

மறுநாள் பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு போனேன். மூன்று தரம் போட்டு மூன்று தரம் எடுத்த விதை. கடைசியாகப் பார்த்தபோது புடலை பத்துக்கு ஒன்பது, வெண்டை பத்துக்கு எட்டு. நானே அதைச் சொல்லி அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

"இந்தாங்கக்கா."

"என்னா இது?"

"உங்க விதை. புடல, வெண்ட."

டின்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "எந்த விதை?" என்றாள்.

நான் சொன்னேன். பெயர் வாசித்த அன்று சாயங்காலம் வந்து கொடுத்தது, திரும்பி வந்து இறங்கின மறுநாளே போட வேண்டும் என்று சொன்னது. அவள் கண்ணை மூடி யோசித்தாள். "கொடுத்தேனா? இருக்கும். எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல புள்ள" என்றாள்.

லாலான் கொத்தியது, மலேரியாவோடு தண்ணீர் சுமந்தது, மகளை அடித்தது எல்லாம் வாய் வரைக்கும் வந்தது. கத்திவிடுவேன் போல இருந்தது.

அவள்தான் பேசினாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"அங்க மழையே இல்ல. விதைக்கு வெச்சிருந்த கம்பு, கேவுரு எல்லாத்தையும் குத்திக் காய்ச்சிக் குடிச்சிட்டோம். பக்கத்து வீட்டுல மண்பானையில வெச்சிருந்த விதையக்கூடக் கடனா வாங்கித் தின்னோம். இவ அப்பா சாகறப்போ வீட்டுல ஒரு மணி விதை இல்ல. அதுக்கப்புறம் எனக்கு இந்த மாதிரி எதுவும் மனசுல நிக்கறது இல்ல."

டின்னை அவள் பக்கத்தில் வைத்தேன். அவள் அதைத் திரும்ப என் பக்கம் நகர்த்தினாள்.

"என்னால இப்போ ஒண்ணையும் நட்டு, தண்ணி ஊத்தி, காத்துக்கிட்டு இருக்க முடியாது. நீயே வெச்சுக்க. காய்ச்சா ரெண்டு காய் குடு."

டின்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் ஏதோ கேட்க வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு டின்னை வாங்கிப் பரணில் வைத்தார். அவர் அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தாங்கியிருக்க மாட்டேன்.

அந்த வாரம் புதிதாக வந்தவர்கள் எல்லாரும் ஆற்றோரத்தில் துண்டு வாங்கினார்கள். அவர்களிடம் விதை இல்லை. வாசலுக்கு வந்து தயங்கி நின்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பிடி கொடுத்தேன். புடலை விதையை அக்கா யாருக்கும் கொடுத்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது. இருந்தாலும் கொடுத்தேன். "இந்த மழைக்கு முன்னால போட்டுருங்க, வெச்சிருக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன். சிலர் போட்டார்கள். ஒருத்தி தட்டில் வைத்து மறந்து எறும்பு தூக்கிப் போனதாகச் சொன்னாள். திட்டத் தோன்றவில்லை.

அக்கா அதன் பிறகு ஆறேழு வருஷம் எங்களோடு அதே லயத்தில் இருந்தாள். வெட்டுக்கு ஒழுங்காக வருவாள். மகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தாள். ஆற்றோரத்துப் பக்கம் ஒரு நாளும் வந்ததில்லை. நான் காய் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். "நல்லா இருக்கு" என்பாள். அது எந்த விதையின் காய் என்று அவள் கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை.

அக்கா திரும்பி வந்த அந்த வருஷமே, நான் லாலான் பிடுங்கிப் பண்படுத்திய பக்கத்துத் துண்டைப் புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்கு விட்டுக் கொடுத்துவிட்டேன். எனக்கு என் துண்டு மட்டும் போதும் என்று கங்காணியிடம் சொன்னேன். மத்தியானச் சோறு ஆனதும் பாயை விரித்துப் படுத்தேன். மகள் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு படுத்தாள். நான்கு வருஷத்தில் முதல் தடவையாக, பட்டப்பகலில் நான் கண்ணயர்ந்தேன்.